மலைநாட்டு டச்சுக்காரர்

1823இல் நாகசாகித் துறைமுகத்தில் ஒரு புது டச்சு டாக்டர் வந்து இறங்கினார். பெயர் ஃபிலிப் ஃபிரான்ஸ் ஃபொன் சீபோல்ட். அவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியதுமே ஜப்பானியத் துபாஷிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து டச்சு பேசியே சோறு தின்னும் குடும்பங்கள் அவை. ஹாலந்திலிருந்து வந்த ஆசாமியைவிட நாம் நன்றாகப் பேசுகிறோமே, எங்கேயோ உதைக்கிறதே என்று அவர்களுக்குச் சந்தேகம். சந்தேகம் நியாயமானதுதான். சீபோல்ட் ஜெர்மானியர். டச்சுக்காரர்களைத் தவிர வேறு எந்த வெள்ளைக்காரரும் ஜப்பானுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். உண்மையைச் சொன்னால் வந்த கப்பலிலேயே மூட்டை கட்ட வேண்டும். கூசாமல் ஒரு பதில் தயாரானது: இவர் மலைநாட்டு டச்சுக்காரர், மலைப்பக்கத்துப் பேச்சு கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும்.

நெதர்லாந்தில் மலை கிடையாது. நாட்டின் கணிசமான பகுதி கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. துபாஷிகள் அப்படியா, சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நூற்றெண்பது வருடமாக டச்சு படித்த கூட்டத்துக்கு ஹாலந்தில் மலை உண்டா இல்லையா என்று தெரியாமல் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கென்னவோ தெரிந்தேதான் விட்டிருப்பார்கள் என்று படுகிறது. நல்ல டாக்டர், மருந்துப் பெட்டியோடு வந்திருக்கிறார். புவியியல் பேசி அவரைத் திருப்பி அனுப்புவானேன்?

உலகத்திலேயே விசித்திரமான டச்சுப் படிப்பு ஜப்பானில் நடந்ததுதான். வாத்தியார் இல்லை, வகுப்பு இல்லை, புத்தகம் இல்லை, பாதி நாள் அனுமதியும் இல்லை. அந்த நாட்டைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் இன்றைய ஜப்பானின் பெரிய பல்கலைக்கழகங்களில் மூன்று, எங்கள் மூலம் டச்சுப் பள்ளிக்கூடம்தான் என்று வம்சாவளி காட்டுகின்றன.

ஆரம்பம் ஒரு வாடகைத் தீவு. மதம் பரப்புகிறார்கள் என்று 1639இல் போர்ச்சுகீசியரை, அன்று ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனின் அரசு அடித்து விரட்டியது. அவர்களை அடைத்துவைப்பதற்கென்றே நாகசாகியில் மண் கொட்டி விசிறி வடிவத்தில் ஒரு செயற்கைத் தீவு கட்டியிருந்தார்கள். பெயர் தெஜிமா. கட்டிய தீவு சும்மா கிடக்கலாமா? 1641இல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியை அதில் குடிவைத்து வாடகையும் வாங்கிக்கொண்டார்கள். நீளம் சுமார் நூற்றிருபது மீட்டர். அதற்குள் ஒரு டஜன், ஒன்றரை டஜன் டச்சுக்காரர்கள். கரையோடு இணைக்கும் ஒரே பாலத்தில் காவல். அதைத் தாண்டி உள்ளே போக அனுமதி பெற்றவர்கள் அதிகாரிகள், துபாஷிகள், தாசிகள். டச்சுக்காரர்கள் பைபிளை மூடிவைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் சம்மதித்தார்கள். அவர்களுக்கு வெள்ளி வேண்டும், செம்பு வேண்டும். ஜப்பானியர்களின் ஆத்மா வேண்டாம். அதே கம்பெனிதான் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் உட்கார்ந்து நம்மிடம் துணி வாங்கிக்கொண்டிருந்தது. சோழமண்டலக் கரையின் கோடு போட்ட துணி எடோ நகரத்து மைனர்களிடையே சாந்தோம் என்ற பெயரிலேயே ஓடியது. மயிலாப்பூரில் யாருக்கும் சேதி போகவில்லை.

டச்சுக் கலாசாரம் என்ற பாடத்தின் செய்முறை வகுப்பு எடோவில் நடந்தது. எடோ என்பது இன்றைய டோக்கியோ. தெஜிமாவின் கம்பெனித் தலைவர் பரிவாரத்தோடு அங்கே போய் ஷோகன் முன்னால் தரையில் தவழ்ந்து வணக்கம் செலுத்த வேண்டும். 1691இலும் அடுத்த வருடமும் கூடப் போன டாக்டர் ஏங்கல்பெர்ட் கெம்ஃபர் நடந்ததை எழுதிவைத்திருக்கிறார். திரைக்குப் பின்னாலிருந்து ஷோகன் த்சுனயோஷி உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தாராம்: நட, குதி, ஆடு, பாடு, குடிகாரன் மாதிரி தள்ளாடு. டாக்டரும் தள்ளாடினார். இந்த கெம்ஃபரும் ஜெர்மானியர். 1775இல் வந்து பேர் வாங்கிய தாவரவியல் நிபுணர் தூன்பெர்க் சுவீடன்காரர். சீபோல்ட் கதை முன்னமே சொல்லியாயிற்று. தெஜிமாவின் மூன்று மகா பண்டிதர்கள் என்று ஜப்பான் கொண்டாடுவது இந்த மூவரைத்தான். மூன்றில் ஒன்றுகூட டச்சு இல்லை.

வெளிநாட்டுப் புத்தகம் என்றாலே பாதிரியார் ஒளிந்திருப்பார் என்று பயந்த அரசு, 1720இல் கொஞ்சம் இறங்கி வந்தது. பஞ்சாங்கம், மருத்துவம் போன்ற பிரயோசனமான புத்தகங்கள் வரலாம் என்றார் ஷோகன் யோஷிமுனே. 1740 வாக்கில் டச்சு படித்து வா என்று இரண்டு பேருக்கு உத்தரவும் போட்டார். ஒருவர் மூலிகை நிபுணர். இன்னொருவர் அவோகி கோன்யோ; பஞ்சத்துக்கு உதவுமென்று சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிடுவதைப் பரப்பி, ஊர் வாயில் கிழங்கு வாத்தியார் ஆனவர். கிழங்கைப் பரப்பத் தெரிந்தவனுக்கு டச்சையும் பரப்பத் தெரியும் என்று ஷோகன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். டச்சுக்காரர்கள் எடோவுக்கு வந்து தங்கும் நாட்களில் மட்டும்தான் டியூஷன். அதுவும் துபாஷியை நடுவில் வைத்துக்கொண்டு. கிழங்கு வாத்தியார் வருடக்கணக்கில் போய்ச் சில நூறு வார்த்தைகள் சேர்த்தார்.

அவரிடம் பாடம் கேட்டவர் மாயெனோ ரியோதாகு. நாகாட்சு சிற்றரசின் வைத்தியர். நாற்பது வயதுக்கு மேல் டச்சுப் பைத்தியம் பிடித்து, வைத்தியத்தைக் கவனிக்காமல் புத்தகத்திலேயே கிடந்தார். இந்த ஆள் வேலையே பார்ப்பதில்லை என்று கோள் போனபோது சிற்றரசர் சிரித்துவிட்டு, அவன் டச்சுப் பூதம், விட்டுவிடுங்கள் என்றார். ரியோதாகு அதையே தன் புனைபெயராக வைத்துக்கொண்டார். மேலதிகாரி திட்டியதைப் பட்டமாகப் போட்டுக்கொள்ளும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

அவருடைய சகா சுகிதா கெம்பாகு வேறு ரகம், அவசரக்காரர். இரண்டு பேரும் ஒருதடவை ஒரு துபாஷியைப் பார்த்து, டச்சு கற்க வழி கேட்டார்கள். துபாஷி வேண்டவே வேண்டாம் என்றார். 'குடிப்பதற்கு என்ன வார்த்தை என்று கேட்க வேண்டுமானால் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோய்ச் சைகை காட்டலாம். குடிப்பதில் ஆசை என்பதை எப்படி ஐயா சைகை காட்டுவது? குடிக்கிறவனெல்லாம் ஆசைப்பட்டுத்தான் குடிக்கிறானா?' கெம்பாகுவுக்கு இது போதும், அன்றோடு ஆசையை விட்டார். பூதம் விடவில்லை.

1771 வசந்தத்தில் எடோவின் கோசுகப்பாரா கொலைக்களத்தில் ஒரு பிணத்தை அறுக்கப்போவதாகச் சேதி வந்தது. தண்டனை பெற்றுச் செத்தவள் ஐம்பது வயதுப் பெண். பச்சைத் தேநீர்க் கிழவி என்று ஊர் வைத்த பட்டப்பெயர். அறுக்க வேண்டியவனுக்கு உடம்பு சரியில்லாததால் அவனுடைய தொண்ணூறு வயதுத் தாத்தா கத்தியோடு வந்திருந்தார். வைத்தியர்கள் கூடினார்கள். ரியோதாகு மடியிலிருந்து ஒரு டச்சுப் புத்தகத்தை எடுத்தார். கெம்பாகுவும் எடுத்தார். இரண்டும் ஒரே புத்தகம், குல்முஸ் எழுதிய உடற்கூறு நூல். குல்முஸ், சொல்லவும் வேண்டுமா, ஜெர்மானியர். கையிலிருந்தது டச்சு மொழிபெயர்ப்பு. தாத்தா ஒவ்வொரு உறுப்பாக எடுத்துக் காட்டக் காட்ட, இவர்கள் படத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். அச்சாகப் பொருந்தியது. காலங்காலமாகப் படித்த சீன வைத்திய நூல்களின் படங்களில் நுரையீரலும் ஈரலும் வேறு கணக்கில் இருந்தன. திரும்பி நடக்கும்போதே இதை மொழிபெயர்த்துவிடுவது என்று முடிவாகிவிட்டது.

மறுநாளே ரியோதாகு வீட்டில் கூடினார்கள். அப்போதுதான் ஒரு சின்ன விஷயம் தெரிய வந்தது. கெம்பாகுவுக்கு டச்சு எழுத்தே தெரியாது, முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். ரியோதாகுவுக்குச் சில நூறு வார்த்தை. நாகாகாவா ஜுன்அன் என்ற மூன்றாவது ஆளுக்கு அதற்கும் குறைச்சல். அகராதி கிடையாது. புருவம் என்பது கண்ணுக்கு மேலே முளைக்கும் மயிர் என்ற ஒற்றை வரிக்கு ஒரு முழு நீள வசந்தகாலப் பகல் போயிற்று. புரியாத வார்த்தை வந்தால் ஒரு வட்டம் போட்டு உள்ளே சிலுவைக் குறி போட்டுவிட்டு மேலே போவது என்று ஏற்பாடு. கிறிஸ்தவச் சிலுவைக்குத் தலை போகும் தேசத்தில் பக்கத்துக்குப் பக்கம் குறுக்குக் கோடு போட்டுக்கொண்டு போனார்கள்.

மூக்குக் கதை பிரசித்தம். மூக்கு எப்படிப்பட்டது என்று சொல்லும் இடத்தில் ஒரு வார்த்தை புரியவில்லை. கைவசம் இருந்த ஒரு துண்டுக் குறிப்பில், கிளையை ஒடித்தால் ஒடிந்த இடமும், தோட்டத்தைப் பெருக்கினால் தூசும் அந்த மாதிரி ஆகும் என்று இருந்ததாம். தலையைப் பிய்த்துக்கொண்டு, ஓ, மேடு தட்டுவது என்று கண்டுபிடித்துத் துள்ளிக் குதித்தார்களாம். கெம்பாகு தம் எண்பதுகளில், 1815இல் எழுதிய நினைவுக் குறிப்பில் இதை உருகி உருகிச் சொல்கிறார். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் குல்முஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். மூக்குப் பக்கத்தில் அந்த வார்த்தையே இல்லை. எண்பது வயதுக்கு மேல் எழுதும் சுயசரிதையில் மூக்கு கொஞ்சம் நீளத்தான் செய்யும்.

ஆனால் வேலை பொய்யில்லை. 1774இல் 'கைதாய் ஷின்ஷோ' அச்சாகி வந்தது. நரம்புக்கு இன்று ஜப்பானியர் சொல்லும் சொல்லே அதில் பிறந்ததுதான். ரியோதாகு மட்டும் என் பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டார். இன்னும் சரியாக வரவில்லை என்பது அவர் எண்ணம் என்று சிலர் சொல்கிறார்கள். ஆக, எழுத்துக்கூட்டத் தொடங்கிய கெம்பாகு ஆசிரியராக நிற்கிறார், பாடம் எடுத்த பூதம் முகப்பில் இல்லை.

அதற்குப் பிறகு டச்சு ஒரு மோஸ்தர் ஆயிற்று. இரண்டு குருமார்களின் பெயரிலிருந்தும் ஆளுக்குப் பாதி எடுத்து கெண்டாகு என்று பெயர் வைத்துக்கொண்ட சீடர் எடோவில் பள்ளிக்கூடம் திறந்தார். 1795 ஜனவரி முதல் தேதி அங்கே டச்சுப் புத்தாண்டு விருந்து: கத்தி, முள்கரண்டி, ஒயின் கிண்ணம் சகிதம். 1798இல் டச்சு படித்தவர்களை சுமோ மல்லர்கள் மாதிரி கிழக்கு, மேற்கு என்று பிரித்துத் தரவரிசைப் பட்டியலே வந்தது. நாகாட்சுவின் பிற்காலச் சிற்றரசர் ஒருவர் ஒரு படி மேலே போய், ஃப்ரெடரிக் ஹெண்ட்ரிக் என்று டச்சுப் பெயரே வைத்துக்கொண்டார்.

பெயர் சூட்டியவர் தெஜிமாவின் தலைவர் ஹெண்ட்ரிக் டூஃப். இவர் நிலைமை பரிதாபம். 1803இல் பதவிக்கு வந்தார். ஐரோப்பாவில் நெப்போலியன் ஆடிய ஆட்டத்தில் கப்பல் வருவது நின்றுபோய், 1817 வரை மாட்டிக்கொண்டார். 1810இல் நெதர்லாந்தையே பிரான்ஸ் விழுங்கிவிட்டது. அந்த நாட்களில் டச்சுக் கொடி பறந்த மிகச் சில இடங்களில் தெஜிமா ஒன்று. ஜப்பானியர்கள் அசரவில்லை, நாடு இல்லாவிட்டால் என்ன, இலக்கணம் இருக்கிறதே என்று படித்துக்கொண்டிருந்தார்கள். வியாபாரம் இல்லாத மானேஜர் என்ன செய்வார்? துபாஷிகளைச் சேர்த்துக்கொண்டு அகராதி போட உட்கார்ந்தார். ஹல்மாவின் டச்சு-பிரெஞ்சு அகராதியை எடுத்து, பிரெஞ்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஜப்பானிய மொழியை மாட்டினார். அவர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் வேலை நடந்து 1833இல் முடிந்தது. அச்சிட அனுமதி இல்லாததால் கையால் பிரதி எடுத்தே பரவியது. கட்சு காய்ஷு என்ற ஏழை சாமுராய் வருடம் பத்து ரியோ வாடகைக்கு அதை வாங்கி, இரண்டு பிரதி எழுதி, ஒன்றை விற்று வாடகையைக் கட்டினார். பிற்காலத்தில் கடற்படையை நிறுவிய பெரிய மனிதர் அவர்.

நம் மலைநாட்டு டச்சுக்காரர் இதற்கிடையில் நாகசாகிக்கு வெளியே பள்ளி திறந்து, சீடர்களை ஜப்பானியத் தேயிலை, தாவரம், பழக்கவழக்கம் என்று தலைப்புக் கொடுத்து டச்சில் கட்டுரை எழுதவைத்தார். எழுதியவனுக்குச் சான்றிதழ். கட்டுரைகள் பத்திரமாக அவருடைய பெட்டிக்குப் போய், பிறகு அவருடைய பெரிய புத்தகங்களுக்குள் கரைந்தன. மாணவன் எழுத வழிகாட்டி பேர் வாங்குவது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. 1828இல் அவரிடம் ஜப்பானின் வரைபடம் இருப்பது தெரிந்துபோயிற்று. அவர் நாடு கடத்தப்பட்டார். படம் கொடுத்த வானியல் அதிகாரி சிறையில் செத்தார். செத்தால் விட்டுவிடுவார்களா? தீர்ப்பு வரும்வரை உடம்பை உப்பில் ஊறவைத்து, பிறகு முறைப்படி தலையை வெட்டினார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு டச்சு படிக்க வந்தார்களே பையன்கள், அவர்களைச் சொல்ல வேண்டும். 1838இல் ஒசாக்காவில் ஓகாதா கோவான் என்ற வைத்தியர் தொடங்கிய விடுதிப்பள்ளி தெகிஜுகு. பதிவேட்டில் அறுநூறுக்கு மேல் பெயர்கள். ஆளுக்கு ஒரு பாய் இடம். தேர்வில் முதலாவதாக வந்தவன் பாய் போடும் இடத்தை முதலில் எடுப்பான். கடைசி ஆளுக்கு வழிநடை, ராத்திரி எல்லோரும் மிதித்துக்கொண்டு போவார்கள். மொத்தப் பள்ளிக்கும் டூஃப் அகராதி ஒரே ஒரு பிரதி, அதற்கென்று தனி அறை. பாடத்தை ஒப்பிக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி அந்த அறையில் விளக்கு அணையாது. ஒருவன் மற்றவனிடம் அர்த்தம் கேட்பது கேவலம். நாகாட்சுவிலிருந்து வந்த ஃபுகுசாவா யுகிச்சிக்கு ஒருநாள் காய்ச்சல். தலையணையைத் தேடுகிறார், அகப்படவில்லை. அப்புறம்தான் உறைத்தது, வந்ததிலிருந்து தலையணை வைத்து முறையாகத் தூங்கியதே இல்லை. மேஜை மேல் கவிழ்ந்த இடம்தான் படுக்கை.

படிப்பு நேரம் போக மீதி நேரம் ரகளை. ஒசாக்கா வெயிலுக்கு ஒட்டுத்துணி இல்லாமல் திரிவார்கள். ஒருநாள் குடித்துவிட்டுப் படுத்திருந்த ஃபுகுசாவா, கீழேயிருந்து வேலைக்காரி கூப்பிடுகிறாள் என்று எரிச்சலோடு பிறந்த மேனிக்கு இறங்கி வந்து நின்றார். எதிரே நின்றது குருபத்தினி. குனிந்து வணங்கவும் வழியில்லை, ஓடவும் வழியில்லை. பன்றியைக் கொல்லப் பயந்த கறிக்கடைக்காரர், நீங்கள் வைத்தியப் பிள்ளைகள்தானே என்று இவர்களைக் கூப்பிட்டார். போய் ஆற்றில் அமுக்கிக் கொன்று, கூலியாகத் தலையை வாங்கி வந்து மூளையையும் கண்ணையும் அறுத்து ஆராய்ந்துவிட்டு, மிச்சத்தைச் சமைத்துத் தின்றார்கள். டச்சுப் புத்தகத்தைப் பார்த்து அம்மோனியா காய்ச்சியபோது கிளம்பிய நாற்றத்தில் குளிக்கப் போன இடத்தில் ஆட்கள் விலகினார்கள், நாய் குரைத்தது. அடுப்பைப் படகில் ஏற்றி ஆற்றோடு போய்க் காய்ச்சினார்கள். கரையிலிருந்து வசவு வந்தால் படகை நகர்த்துவது.

வேறொரு தடவை, ஊர் வழியாகப் போன ஒரு சிற்றரசர் எண்பது ரியோ கொடுத்து வாங்கிய புது டச்சு அறிவியல் புத்தகத்தை, குரு இரண்டு மூன்று நாளைக்கு இரவல் வாங்கி வந்தார். மின்சார அத்தியாயம் முழுவதையும் ஷிஃப்ட் போட்டுக் கை மாற்றிக் கை மாற்றி எழுதிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். 

இந்த டச்சு ஒரு தடவை உண்மையாகவே தேசத்துக்குக் கைகொடுத்தது. 1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரி கறுப்புக் கப்பல்களோடு வந்து மிரட்டியபோது, படகில் நெருங்கிப் போன துபாஷி ஹோரி தட்சுனோசுகே ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார்: எனக்கு டச்சு பேச வரும்! கப்பலிலும் ஒரு டச்சுக்காரர் இருந்தார், பிழைத்தார்கள். 1858இல் அமெரிக்காவோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் டச்சுப் பிரதியே மூலப் பிரதி என்று ஒரு ஷரத்து இருக்கிறது. அமெரிக்கத் தூதர் ஹாரிஸ் மட்டும், இவர்கள் பேசுவது பழைய காலத்து மாலுமிகளின் டச்சு என்று அலுத்துக்கொண்டார்.

அதே 1858இல் டச்சு கற்பிக்க ஃபுகுசாவாவை நாகாட்சு அரசு எடோவுக்கு அழைத்தது. அவர் பள்ளி வைத்தது, ரியோதாகு குல்முஸைப் பிரித்த அதே அரண்மனை வளாகத்தில். அது வளர்ந்துதான் கெய்யோ பல்கலைக்கழகம். மறுவருடம் வெளிநாட்டவருக்குத் திறந்துவிட்ட யோகோஹாமாவைப் பார்க்க நடந்தே போனார். கடைப் பலகை ஒன்றும் படிக்க வரவில்லை. பேசியது யாருக்கும் புரியவில்லை. எல்லாம் ஆங்கிலம். இரவு பகலாக நடந்த கால் வலியைவிட இது வலித்தது. இவர் டச்சில் எழுதிக் காட்டியதைப் புரிந்துகொண்டவர் ஒரே ஒரு கடைக்காரர். அவர் ஜெர்மானியர்.

ஃபுகுசாவா ஒருநாள் உடைந்துபோய் உட்கார்ந்தார். மறுநாள் டச்சு-ஆங்கில அகராதி தேடக் கிளம்பிவிட்டார். சேர்ந்து படிக்கலாம் வா என்று பழைய தெகிஜுகு நண்பர் ஒருவரைக் கூப்பிட்டபோது, எதற்கு, அவசியமானதையெல்லாம் டச்சுக்காரன் மொழிபெயர்த்துவிடுவான் என்று மறுத்துவிட்டார். அந்த நண்பர்தான் பின்னால் ஜப்பானின் நவீன ராணுவத்தை அமைத்தார். ஃபுகுசாவாவோ கொஞ்சம் படித்ததும், பாதி டச்சுதான் வேறு உடுப்பில் வந்திருக்கிறது என்று தெரிந்து தெளிந்தார். 1862இல் தூதுக்குழுவோடு நெதர்லாந்துக்கும் போனார். சொந்த ஊருக்கு வந்தது போல இருந்ததாம். மலை எதையும் அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

அரசு தன் பங்குக்கு 1856இல் காட்டுமிராண்டிகளின் நூல்களை ஆராயும் நிலையம் என்ற அழகான பெயரில் ஒன்றைத் தொடங்கியது. அதுவும் டச்சில் ஆரம்பித்து, பெயர் மாறி மாறி, 1877இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தது. தெகிஜுகுவைத் தன் மூலமாகச் சொல்வது ஒசாக்கா பல்கலைக்கழகம். கிதாஹாமா பகுதியில் அந்த மரவீட்டை இன்றும் அதுதான் பராமரிக்கிறது. ஒசாக்கா போகிறவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். அகராதி அறை இருக்கிறது. பையன்கள் கிடந்த மாடிக் கூடத்தின் தூணில் வாள் வெட்டுகளும் இருக்கின்றன. படி செங்குத்து, பார்த்து ஏறுங்கள்.